நான் எழுந்து நின்ற கதை

டங், டங், டங் என்று அலுமினியத் தட்டில் ஒரு கரண்டி மூன்று முறை விழுந்த சத்தம். அதைக் கேட்டு ஐம்பத்தெட்டு வருடமாகிறது. முதல் தட்டல் கூச்சத்தோடு, இரண்டாவது எரிச்சலோடு, மூன்றாவது மட்டும் நன்றாக உரக்க, பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை, பிறகு மழை. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல இருநூறு தட்டுகள், இருநூறு கரண்டிகள். இப்போது ஹரிகிருஷ்ணன் காப்பி டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறார். சனிக்கிழமை ஐந்து மணி, கூட்டம் ஆரம்பம் என்று அர்த்தம். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், எனக்கு மட்டும் அந்தப் பழைய கரண்டி கேட்கிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூத்தோர் ஆங்கில வட்டம் இது. ஹரிகிருஷ்ணன் தலைவர்; ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் பேச்சைத் தொடங்குமுன் யாரோ பச்சைக்கொடி காட்டுவதற்காகக் காத்திருப்பவர்போல ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொள்வார். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் சீட்டுகள் இருக்கும். வாரம் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் ஆங்கில வினைச்சொல். அதை வைத்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும், இதுதான் இந்த வட்டத்தின் ஒரே சட்டம். பூனை பாயில் உட்கார்ந்தது, ராமன் பந்தை அடித்தான் என்று ஆறு மாதம் கேட்டுச் சலித்துப்போய் அவர் கொண்டுவந்த சட்டம். மீறினால் அடுத்த வாரம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து போண்டா போட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் சீட்டைப் பிரித்தார், கண்ணாடியை ஏற்றினார், "டிஃபை" என்றார். "எதிர்க்கிறது, கீழ்ப்படிய மறுக்கிறது. எதுத்து நிக்கிறது." சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு சௌந்தரம் மேடம் தினம். கடைசியா வெச்சுக்குவோம், பாயசம் மாதிரி." எல்லோரும் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார்கள். வட்டத்தின் பழைய ஆட்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். கல்லூரி விடுதியில் வண்டு விழுந்த சாப்பாட்டை எதிர்த்துத் தட்டு அடித்த கதை, பிரின்சிபால் வந்து யார் ஆரம்பித்தது என்று கேட்டபோது இருநூறு பேரில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்ற கதை. அந்த ஒருத்தி நான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இல்லை.

டிஃபை. நாக்கில் உருட்டிப் பார்க்கிறேன். டி என்று திரி பற்றி, ஃபை என்று புஸ்ஸென்று அணைந்துபோகிற நமுத்த பட்டாசு மாதிரி ஒரு சொல். இதைவிட நம் முரண்டு எவ்வளவு மேல், முரண்டு என்றால் கழுதை நடுத்தெருவில் நாலு காலையும் ஊன்றிக்கொள்வது கண்ணுக்கே தெரிகிறது. என்னிடம் முரண்டு ஏதாவது உண்டா? அதுதான் கேள்வி, பன்னிரண்டு நாற்காலிகள் சுற்றி வருவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அந்தக் கதையைத் தொடாமல் தப்பிக்கலாம். ஏனென்றால் இன்று தப்பிக்க வேண்டியிருக்கிறது. என் இடப்பக்க நாற்காலியில், எனக்குச் சரியாக ஒரு வாக்கியம் முன்னால், ரோஸலின் தனராஜ் உட்கார்ந்திருக்கிறாள். நான்காம் மாடிக்குப் போன மாதம் குடிவந்தவள். வந்த அன்றே லிஃப்ட்டில் என்னைக் கேட்டாள், "அக்கா, நீங்க எந்தக் காலேஜு?" சொன்னேன். "ஐயோ, நானும் அங்கதான்! அறுபத்தேழுல பி.யூ.சி.!" லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றது, நான் மூன்றாவதுக்குப் போக வேண்டியவள், இரண்டாவதிலேயே இறங்கிவிட்டேன். அறுபத்தேழு. அதே வருடம், அதே விடுதி, அதே சாப்பாட்டு அறை. அவள் எந்த மேசையில் இருந்தாள், எவ்வளவு பார்த்தாள், முகங்கள் ஞாபகம் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. ஒரு மாதமாக மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறேன். முழங்கால் டாக்டர் மிகவும் நல்ல முன்னேற்றம் என்கிறார். இப்போது அவள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, யூகலிப்டஸ் தைலம் மணக்க, என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அந்தப் புன்னகைக்கு என்ன பொருள்? எல்லாம் தெரியும் என்றா, காப்பி எப்போது வரும் என்றா?

முதல் வாக்கியம் கோதண்டத்தினுடையது. தாசில்தாராக இருந்தவர், எழுந்து நின்றுதான் பேசுவார். "ஐ நெவர் டிஃபைட் எனி கலெக்டர்." ஹரிகிருஷ்ணன் தயங்கினார். "சார், இதுல டிஃபை பண்ணவே இல்லையே?" "இல்லை. பதினோரு கலெக்டர். ஒருத்தரைக்கூட இல்லை. உண்மைதானே கேட்டீங்க?" என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பதினொன்றை விரல்விட்டு எண்ணுகிறவர்போல, பத்து விரல் போதாமல். அவர் பாக்கியசாலி, இல்லை என்று சொல்லிவிட்டார், அந்த இல்லையை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. நானும் அப்படிச் சொல்லலாமா, ஐ நெவர்? மாமியாரை? என் கொழுந்தன் கல்யாணத்துக்கு மெரூன் பட்டு கட்டு என்றார் மாமியார், கிளிப்பச்சை கட்டுவேன் என்று மனசுக்குள் மூன்று நாள் சபதம் செய்தேன், கட்டியும் போனேன், மண்டபத்துக்குள் நுழைந்தேன், "நல்லவேளை, மெரூன் கட்டலை, சம்பந்தி மெரூன்ல வந்து நிக்கறா" என்றார் மாமியார். அது எதிர்ப்பில் சேராது. ஓட்டு? கணவர் சொன்ன சின்னத்துக்கே காலமெல்லாம் போட்டவள், ஒரே ஒரு தேர்தலில் துணிந்து மாற்றிக் குத்திவிட்டு வந்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, பத்து வருடம் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது, அந்தத் தேர்தலில் அவரும் மாற்றித்தான் குத்தியிருக்கிறார். நான் எதிர்க்கப் போகும் இடத்துக்கெல்லாம் உலகம் எனக்கு முன்னாலேயே போய் ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குக்கரை வேண்டுமானால் சொல்லலாம், மூன்று விசில் என்று போட்டிருந்தது, நான் இரண்டில் இறக்கினேன், ஐ டிஃபைட் த குக்கர், பருப்பு வேகவில்லை.

சிரிப்புச் சத்தம். வைரவன் செட்டியார் ஏதோ சொல்லிவிட்டார். "மை ஷுகர் டிஃபைஸ் மீ" என்றாராம். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி மீனாட்சி ஆச்சி, எழுபத்திரண்டு வயதிலும் மூக்குத்தியை வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவள், தொண்டையைச் செருமினாள். "ஐ டிஃபை ஹிம் எவ்ரி டே. ஹி டஸ் நாட் நோ." கூடமே அதிர்ந்தது. செட்டியார் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, "எதுல? எதுல சொல்றே?" என்றார். "சொன்னா அப்புறம் எப்பிடி நடக்கும்?" "இல்லை, உண்மைன்னா நிரூபிக்கணும், சட்டம்" என்றார் கோதண்டம், இந்த அறையில் சட்டம் என்ற சொல்லை அவர்தான் கடைசியாகக் கைவிடுவார். ஆச்சி பெருமூச்சு விட்டாள். "நாலு வருசமா இவுக காலையில குடிக்கிறது காப்பியே இல்லை. வெறும் சிக்கரி." செட்டியாருடைய முகத்தை நான் பார்த்தேன், நாலு வருடக் காலைகள் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் இறங்கிப் போயின. "அப்பவே நினைச்சேன்," என்றார் மெதுவாக. "ஏதோ குறையுதுன்னு. வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன்." எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே உள்ளே ஒரு பக்கம் உறுத்தியது, நானும் ஒரு மனிதருக்கு ஐம்பத்திரண்டு வருடம் சிக்கரி கொடுத்திருக்கிறேன்.

அவர் பெயர் சாரங்கபாணி. கல்யாணமாகி எட்டாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவர், ஏதாவது பேச வேண்டுமே என்று, "காலேஜெல்லாம் எப்படி?" என்றார். எனக்கும் ஏதாவது பேச வேண்டியிருந்தது, தட்டு அடித்த கதையைச் சொன்னேன். விடுதியில் புழுங்கலரிசிச் சோறு, சோற்றில் வண்டு, இருநூறு தட்டு, வெள்ளைப் புடவையும் கறுப்பு பெல்ட் கடிகாரமுமாக பிரின்சிபால் வாசலில் வந்து நின்றது, ஒருத்தி எழுந்து நின்றது. அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "அது நீயா?" என்றார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அப்பளத்தைத் திருப்பாவிட்டால் கருகிவிடும், திருப்பினேன், எடுத்து எண்ணெய் வடித்து அவர் இலையில் வைத்தேன், அவர் அந்த அப்பளத்தை உடைத்த விதத்திலேயே தெரிந்தது, மரியாதையாக, ஓரத்திலிருந்து. அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு குறைவு என்று யாரும் சொன்னதில்லை. கல்யாணம் காதுகுத்து எங்கே போனாலும், "பிரின்சிபாலையே எதுத்து நின்னவ, நான் எம்மாத்திரம்" என்று சொல்லிச் சிரிப்பார், அவர் அக்கா தங்கைகள் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், ஓரகத்தி தன் புருஷனைத் திட்ட என் பெயரைப் பயன்படுத்துவாள். என் பையன் ஏழாம் வகுப்பில் என் தாய் என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினான், பரிசு ஓர் எவர்சில்வர் தட்டு, வேறு எதுவும் கிடைக்கவில்லையா அந்தப் பள்ளிக்கு, இன்றும் மத்தியானம் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன். அவருடைய கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியோடு வந்தபோது என் பக்கம் கையைக் காட்டி, "பாத்தும்மா, எந்திரிச்சு நின்னுடுவா" என்றார். அந்தப் பெண் பயப்படவில்லை, ஆனால் எனக்காகப் பயந்த மாதிரி நடித்தாள். அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்தக் கதை போய்விட்டால் அவர் எந்தப் பெண்ணோடு ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தார்? நான் யார், மூன்றாம் மாடியில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றிக் கீழ்வீட்டுத் துணியை நனைக்கிற ஒரு கிழவி. அதுகூட எதிர்ப்பில்லை, கை நடுக்கம்.

அதிலும் கேவலம், எழுந்து நிற்காதது மட்டும் இல்லையே. அந்த முதல் மூன்று தட்டல் இருக்கிறதே, டங் டங் டங், அது என் கரண்டி. போராட்டமெல்லாம் இல்லை. கரண்டியில் குழம்போடு ஒரு வண்டு வந்துவிட்டது, கறுப்பாக, காலை அகட்டிக்கொண்டு, உதறினேன், போகவில்லை, தட்டின் விளிம்பில் தட்டினேன், போகவில்லை, இரண்டாவது தட்டினேன், எனக்கு எரிச்சல் வந்தது, மூன்றாவது ஓங்கித் தட்டினேன், வண்டு போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் எதிர் மேசையில் ஒருத்தி கண்ணெல்லாம் மின்ன என்னையே பார்த்துக்கொண்டு தன் தட்டைத் தட்டத் தொடங்கியிருக்கிறாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு மழை. ஒரு வாரமாக எல்லோரும் யார் ஆரம்பிப்பது என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரின்சிபால் வந்தார், மழை நின்றது. "யார் ஆரம்பித்தது? எழுந்து நிற்கட்டும்." அவர் குரல் உயரவே உயராது, கத்திரிக்கோல் துணிமேல் போகிற சத்தம்தான் இருக்கும். எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது. எழுந்திருக்க நினைத்தேன், அது சத்தியம், நினைத்து முடிப்பதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானத்தங்கம் பெஞ்சைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். வாயில் சோறு இருந்தது. மூன்றாம் நாள் அவளுடைய பெரியப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் விடுதி வாசல்வரை போனேன். ஏன் எழுந்தாய் என்று கேட்டேன், அழுதுகொண்டேதான் கேட்டேன். "ஏட்டி, ஒனக்குக் கால் ஆடுன ஆட்டத்துல மேசையே ஆடிச்சு," என்றாள். "எங்கொழம்பு சிந்திரும்னு எந்திச்சேன்." சிரித்தாள். பெரியப்பா ரிக்‌ஷாவிலிருந்து கூப்பிட்டார். இரண்டடி போய்த் திரும்பி, "அந்த வண்டு செத்துச்சா இல்லையா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

"ரோஸலின் மேடம், உங்க முறை." ஹரிகிருஷ்ணன் குரல் ரயில் வருகிறது என்று அறிவிக்கிற குரல். மேலே மின்விசிறி டக் டக் என்கிறது, அது எப்போதும் அப்படித்தான், இன்றைக்கு மட்டும் எண்ணிக்கொண்டு சுற்றுகிறது. ரோஸலின் விசிறுவதை நிறுத்தினாள். கைக்குட்டையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். சொல்லப் போகிறாள், எங்கள் விடுதியில் ஞானத்தங்கம் என்று ஒரு அக்கா இருந்தாள் என்று ஆரம்பிக்கப் போகிறாள், பன்னிரண்டு முகமும் என் பக்கம் திரும்பும், நான் எந்தப் பக்கம் பார்ப்பது, கூடத்து மூலையில் யாரும் ஓடாத டிரெட்மில் துணி போர்த்தி நிற்கிறது, அதைப் பார்க்கலாம். "இன் நைன்டீன் சிக்ஸ்டி செவன்," என்றாள் ரோஸலின், "ஐ டிஃபைட் மை பிரின்சிபால். எங்க காலேஜு ஹாஸ்டல்ல சாப்பாட்டுல வண்டு கெடந்துச்சு. எல்லாரும் தட்டு அடிச்சோம். யார் ஆரம்பிச்சதுன்னு கேட்டாங்க. இருநூறு பேருல நான் மட்டுந்தான் எந்திச்சு நின்னேன்."

மின்விசிறி. டக், டக். முதலில் எனக்கு வந்தது கோபம், சொன்னால் வெட்கக்கேடு, திருடன் வீட்டில் இன்னொருத்தன் வந்து திருடினால் வருகிற கோபம், என்ன தைரியம் இவளுக்கு, என் கதையை, என்று வாய்வரை வந்துவிட்டது. செட்டியார் ஆச்சியிடம் உரக்கக் கிசுகிசுத்தார், "இது சௌந்தரம் கதையில்ல?" "சும்மா இருங்க." ஹரிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார், ரோஸலினைப் பார்த்தார், ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு ரயிலை அனுப்பிவிட்ட மனிதரின் முகம். "எழுந்து நின்னது ஒருத்திதானே?" என்றார் கோதண்டம், தெளிவாக, ஃபைலில் குறிப்பு எழுதுகிறவர்போல. ரோஸலினுக்கு ஒன்றும் புரியவில்லை, யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை, எல்லோருடைய முகத்தையும் சுற்றிப் பார்த்து என் முகத்தில் வந்து நின்றாள், அப்போது அவள் முழங்காலைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. புடவைக் கொசுவம் மொத்தமும் ஆடியது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சிறிய முக்காலியில், சற்று முன் வந்த அவளுடைய காப்பி டம்ளர் டபராவுக்குள் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. இன்னும் ஒரு நிமிடத்தில் சிந்திவிடும். நான் எழுந்தேன். இந்த வட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிய கட்டாயமில்லை, உட்கார்ந்தே சொல்லலாம், எனக்கு முழங்கால் வேறு, ஆனாலும் எழுந்து நின்றேன்.

"ஐ டிட் நாட் டிஃபை எனிபடி," என்றேன். "ஐ வாஸ் ரிமூவிங் எ பீட்டில்." ஆச்சி மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தமிழில் சொன்னேன். முதல் மூன்று தட்டல் நான், வண்டைத் தட்டினேன், வேறொன்றுமில்லை, எழுந்து நின்றது ஞானத்தங்கம் என்ற பெண், எனக்குப் பதிலாக நின்றாள், அவளை விடுதியை விட்டும் கல்லூரியை விட்டும் அனுப்பிவிட்டார்கள், நான் பட்டம் வாங்கினேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், கதையையும் எடுத்துக்கொண்டேன். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாகக்கூட இல்லை, கதைகளில்தான் அப்படியெல்லாம் லேசாகும், எனக்குக் கால்தான் வலித்தது. ரோஸலின் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா," என்றாள், "நான் மூணாவது மேசை. எங்க மேசையில மொத்தம் எட்டுப் பேரு. ஒருத்தியும் எந்திக்கலை." என் முந்தானையை விடாமல், "எங்க மாமியாட்ட சொன்னேன், மொதல்ல. அவுக என்னை ரொம்பப் படுத்துனாவ. இதைச் சொன்ன பெறகு படுத்தலை." "வேலை செஞ்சுதா?" என்றேன். "நல்லா செஞ்சுது." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒரே கடையில் ஒரே மருந்து வாங்கிக் குணமானவர்கள்போல. அன்று எதிர் மேசையில் கண் மின்னியவள் இவள் இல்லை, யாரோ. எத்தனை ஊரில், எத்தனை மாடியில், எத்தனை கிழவிகள் இன்று இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் எழுந்து நின்றுகொண்டிருக்கலாம்.

"ரோஸலின் மேடம் சொன்னது உண்மையில்லை, போண்டா," என்றார் கோதண்டம். "சௌந்தரம் மேடம் இன்னிக்குச் சொன்னது உண்மை. ஆனா போன தீபாவளிக்குச் சொன்னது பொய். அதுக்கும் போண்டா." "நான் உளுந்து ஊறப் போடுறேன், நீங்க வந்து சுடுங்கக்கா" என்றாள் ரோஸலின். சரி என்றேன். செட்டியார் தனக்கு வந்த காப்பியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சிதான் கேட்டாள், எல்லோரும் கேட்க நினைத்ததை: "அந்தப் புள்ளை அப்புறம் என்ன ஆச்சு?" எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால், பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன், அவள் தங்கை ஒரு போஸ்ட்கார்டில் பதில் எழுதினாள், அது பீரோவில் அந்தக் கிளிப்பச்சைப் புடவைக்கு அடியில் இருக்கிறது, மனப்பாடம். ஞானத்தங்கம் அதன் பிறகு படிக்கவில்லை. எண்பத்திரண்டில் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தாள். இருபத்துநான்கு வருடம் தினமும் அரிசியைத் தன் கையாலேயே புடைத்தாள், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் தான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். ஓய்வு பெற்று ஐந்தாம் வருடம், ஒரு புதன்கிழமை, இறந்துபோனாள்.